திரைச்சீலைக்குப் பின்னால் நிற்காதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் போட்டுவிட்டு, நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று இரண்டாவது வரியில் கேட்டுவிட்டு, அப்புறம் விஷயத்துக்கு வருவதுதான் முறை. எனக்கு முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. மாமா சௌக்கியம். நான் உடம்பளவில் சௌக்கியம். மீதி இருப்பது உன் பட்டாணி. அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, காய்ச்சல் இல்லை, எங்கும் விழவில்லை. இப்போது என் எதிரே கட்டிலில் மதியத் தூக்கம் தூங்குகிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

இவளுக்கு என்ன திடீரென்று கடிதப் பைத்தியம் என்று கேட்பாய். உங்கள் விடுதியில் சாயங்காலம் ஏழிலிருந்து ஏழரை வரைக்கும்தான் போனைக் கையில் தருகிறார்கள். அந்த அரை மணி பட்டாணிக்குச் சொந்தம், பக்கத்தில் மாமாவும் இருப்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் குரலில் எதைக் கேட்டாலும் நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்டு வைத்தவள், உன் கல்யாணத்தன்று மாமாவின் இரண்டு ஷூவையும் இடது காலாகவே மாற்றி வைத்தவள், அதே வாயால் ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காகிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால்தான் காகிதம். உன்னோடு பயிற்சியில் இருக்கும் டீச்சர் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் இது உன்னிடம் வந்தே ஆக வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும்.

முதலில் உன் பட்டியல். பிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாள் அப்படியே இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் ‘தினசரிச் செயல்பாடுகள்’ என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, பக்கத்தில் நான் ‘செயல் அவளுக்கு, பாடு எனக்கு’ என்று கிறுக்கி வைத்தேன். மாமா பார்த்துச் சிரித்தார், அழிக்கவில்லை. ஊரில் இருக்கிற குழந்தைகளுக்கு வீட்டிலேயே எப்படி விளையாட்டாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று படிப்பதற்கு உன்னை ஆறு மாதம் அனுப்புகிறார்கள், உன் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் என்னை உட்கார வைக்கிறார்கள். இதைவிட நல்ல ஜோக்கை நானே யோசித்திருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

செய்தவற்றைச் சொல்கிறேன். முட்டை அட்டையின் குழிகளில் காய்ந்த பட்டாணியும் பீன்ஸ் விதையும் தனித்தனியாகப் போடும் ஆட்டம் செய்தோம். பட்டாணி பட்டாணி பொறுக்குகிறாள் என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தைவிட்டு நகரவில்லை, ஒன்றை மூக்குக்குக் கொண்டுபோனபோது கையைப் பிடித்துவிட்டேன். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும் ஆட்டம் செய்தோம். தரைக்கு நல்ல பயிற்சி கிடைத்தது. தரையில் நீள நாடாவை ஒட்டி அதன்மேல் நடக்கச் சொன்னதில் கைகளை விரித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டி, கம்பிமேல் நடப்பவள் மாதிரி நடக்கிறாள். மூடியையும் டப்பாவையும் பொருத்துகிறாள். சாக்ஸ் ஜோடி சேர்ப்பது மட்டும் பொய். நான் சேர்த்து வைத்துவிட்டு, கடைசி ஒன்றை அவள் கையில் கொடுத்து வீடியோ எடுத்தேன். இது சின்னப் பொய். இதற்காக இவ்வளவு பெரிய கடிதம் எழுத மாட்டேன்.

பட்டியலில் ஒன்பதாவது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ‘ஒளித்து வைத்த பொருளைத் தேடுதல்.’ கைக்குட்டைக்கு அடியில் ஸ்பூனை வைத்து, எங்கே எங்கே என்று கேட்டு, அவள் தூக்கிப் பார்த்ததும் கை தட்ட வேண்டும். கண்ணில் படாததும் இருக்கிறது என்பதைக் குழந்தை புரிந்துகொள்ளும் என்று நீ அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாய். நான் ஸ்பூனை ஒளித்து வைக்கவில்லை, அக்கா. உன்னை ஒளித்து வைத்தேன்.

நீ கிளம்பிய காலை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். வேன்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இவள் உன் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒட்டுண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு விரலைப் பிரித்தால் மறு விரல் பிடித்துக்கொண்டது. நீ அழ ஆரம்பித்தாய், மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் ஒன்றும் செய்யாத இடத்தில் யோசனை சொல்ல எனக்குக் கேட்கவா வேண்டும். கண்ணாமூச்சி ஆடலாம் வா, அம்மா ஒளிஞ்சுக்குவா, நீ கண்டுபிடிக்கணும் என்றேன். உடனே கையை விட்டாள். சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மூடி, விரல் இடுக்கு வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். நீ பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாய். நிலைப்படியில் நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, ‘அப்புறம் அவகிட்ட சொல்லிடு’ என்றாய். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சொல்லவில்லை.

சொல்லத்தான் நினைத்தேன். அவள் பத்து எண்ணி முடித்துத் திரும்பினாள், முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து, அம்மா போய்விட்டாள், ஆறு மாதம் வர மாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘தேடு’ என்றேன். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குள், வாஷிங் மெஷின் மூடியைத் தூக்கச் சொல்லி அதற்குள்ளும் தேடினாள். தேடித் தேடி, கதவு மூலையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். எழுந்ததும் மறந்துவிடுவாள் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை பல் விளக்குவதற்கு முன்னால் சமையலறைச் சுவர்ப் பக்கம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒண்ணு, ரெண்டு.

அன்றிலிருந்து தினமும். முதல் வாரம் எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது. அவள் வீட்டைச் சுற்றித் தேடிக்கொண்டிருப்பாள், நான் சோபாவில் போனோடு படுத்துக்கொண்டிருப்பேன். நாற்பது நிமிஷம் ஒரே விளையாட்டில் கவனமாக இருக்கிறாள் என்று உனக்கு எழுதி அனுப்பினேன். நீயும் உங்கள் மேடத்திடம் சொல்லி, இரண்டரை வயசுக்கு இது அபூர்வம் என்று அவர் சொன்னதாகச் சந்தோஷமாகச் சொன்னாய். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். சாக்குப்போக்கு சொல்வதில் எனக்குப் பரீட்சை வைத்திருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவள் என்னிடம் வந்து, அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டாள். அவள் எண்ணும்போது ஏழை விட்டுவிட்டு ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுவாள். சட்டென்று அதைத்தான் பிடித்துக்கொண்டேன். நீ ஏழை விட்டுவிட்டாய், அதனால்தான் அம்மா வரவில்லை என்றேன். அன்றைக்கு முழுக்க ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, பொம்மைக்கு எல்லாம் ஏழு. மறுநாள் ஒன்று விடாமல் எண்ணினாள். பட்டாணி பத்து வரை தப்பில்லாமல் எண்ணுகிறாள் என்று நான் அனுப்பிய வீடியோ அதுதான். நீ பதினோரு முறை பார்த்ததாகச் சொன்னாய்.

இதற்கு மேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். ஆட்டம் கொஞ்சம் சலிப்பது மாதிரித் தெரிந்தபோது நான் அதற்கு மசாலா சேர்த்தேன். உன் வீட்டுச் செருப்பை எடுத்து, படுக்கையறையின் நீலத் திரைச்சீலைக்கு அடியில், நுனி மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். உன் துப்பட்டாவின் ஓரத்தை அலமாரிக் கதவில் மாட்டி விட்டேன். அவள் ஓடி வந்து இழுத்துப் பார்க்கும்போது, அடடா, இங்கேதானே இருந்தா, இப்பதான் அந்தப் பக்கம் ஓடினா என்பேன். அவள் கிறீச்சிட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு நாள் நீ கைக்குத் தடவும் கிரீமைத் திரைச்சீலையில் கொஞ்சம் தடவி வைத்தேன். அவள் வந்து திரையை விலக்கவில்லை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வெகு நேரம் நின்றாள். அதையும் படம் பிடித்தேன்.

உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாயே, அந்த வீடியோ. துணிக்குள் ஏன் முகத்தை வைத்திருக்கிறாள் என்று நீ கேட்டபோது, பட்டியலில் நான்காவதாக இருக்கிறதே, தொட்டு உணரும் பயிற்சி, அதுதான் என்று உன் வார்த்தையையே உன்னிடம் திருப்பி விற்றேன். நீ வாங்கிக்கொண்டாய். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் பொய் என்னையே உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

போனில் நீ கூப்பிடும்போது அவள் பாதியில் எழுந்து ஓடுகிறாள் என்று வருத்தப்பட்டாய். விளையாட்டு மும்முரம் என்று சொல்லி வைத்தேன். விஷயம் அதுவல்ல. உன் விடுதி அறையிலும் நீலத் திரைச்சீலை இருக்கிறது. உன் தலைக்குப் பின்னால் அது தெரிகிறது. அவள் முதலில் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பாள். பிறகு நம் படுக்கையறைக்கு ஓடி நம் நீலத் திரையைப் பிரிப்பாள். நீ இந்த வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, நினைக்கிறாள் என்று எழுதினால் பொய்.

அடுத்து கண். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் கண்ணில் ஏதோ தொற்று, சொட்டு மருந்து விடுகிறோம் என்று மாமா உன்னிடம் சொன்னார் அல்லவா? தொற்று இல்லை, அக்கா.

மறுபடியும் ஏன் வரவில்லை என்று கேட்டாள். ஏழு தீர்ந்துபோயிருந்தது, எனக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. அவள் எப்போதும் விரல் இடுக்கில் பார்ப்பாளே, அதைச் சொன்னேன். ‘நீ எட்டிப் பார்த்தே. எட்டிப் பார்த்தா அம்மா வரமாட்டா.’ இவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எட்டிப் பார்க்கவே இல்லை. விரல்களை ஒட்ட வைத்து, உள்ளங்கையால் கண்ணைப் போட்டு அழுத்துகிறாள். அழுத்தி அழுத்தி இமை சிவந்துவிட்டது. மாமா பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, குழந்தை கசக்குகிறாளா என்று டாக்டர் கேட்டாராம். வீட்டுக்கு வந்து மாமா என்னைக் கேட்டார். தெரியவில்லையே என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை ஐந்து நாள் விட்டோம். அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் காலைப் பிடித்துக்கொள்ள, அவள் தொண்டை கிழியக் கத்துவாள். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்தி. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான்.

போன புதன்கிழமை மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு அக்காவும் போர்வைகளைக் காயப் போட வந்திருந்தார். அவரிடம் உன்னுடையது மாதிரியே ஒரு பச்சை நைட்டி இருக்கிறது. போர்வைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றதில் கால் மட்டும் தெரிந்தது. நான் பார்ப்பதற்குள் இவள் ஓடிப்போய்ப் போர்வையைத் தூக்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, ‘கண்டுபிடிச்சேன்’ என்றாள். கத்தவில்லை. மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி. பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

அழுவாள் என்று நான் ஓடினேன். அழவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டிச் சுவர்ப் பக்கம் போய் நின்று, கண்ணை அழுத்தி மூடிக்கொண்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். தான்தான் எங்கோ தப்பாக எண்ணிவிட்டோம் என்று. ஏழு வந்ததும் கொஞ்சம் நின்று, ஏழு, ஏழு என்று இரண்டு முறை சொன்னாள், விட்டுப்போகக் கூடாதே என்று.

மேல் வீட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, சாதாரணமாகத்தான் பார்த்தார். பக்கெட்டில் மிச்சமிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்றே சரிசெய்யப் பார்த்தேன். அவளை மடியில் உட்கார வைத்து, அம்மா ஒளியவில்லை, அம்மா பஸ்ஸில் போய், ரொம்ப தூரத்தில் படிக்கிறாள், படித்து முடித்துத் திரும்பி வருவாள், நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்த எல்லா மாதிரியும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்றாள். நான் கேலிதான் செய்கிறேன், இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். பெரியவர்கள் என்னை நம்பாததில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, அதைப் பட்டம் மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவள் நான். இரண்டரை வயசுக் குழந்தையும் நம்பவில்லை என்றால், அக்கா, அது வேறு மாதிரி இருக்கிறது.

உன் பட்டியலில் இருக்கும் பட அட்டை யோசனையையும் செய்து பார்த்தேன். பஸ் படம், புத்தகம் படம், உன் போட்டோ, மறுபடி பஸ், நம் வீட்டு வாசல் என்று வரிசையாக ஒட்டிக் கதை சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கடைசியில் உன் போட்டோவை மட்டும் பிய்த்து எடுத்துப் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மாமா பேக்கரியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. சொட்டு மருந்து எத்தனை நாள் விட்டோம் என்று மட்டும் கேட்டார். ஐந்து நாள் என்றேன். தலையை ஆட்டினார். குழாயை மூடினார். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நான் இங்கே இருக்கக் கூடாது என்று அழுதேன். அதற்கு அவர் சொன்னார். ‘அவ தேடுறதுக்கு இன்னொரு ஆளா? பேசாம இரு.’

அப்புறம் தன் பங்கையும் சொன்னார். காலையில் ஆறு மணிக்கு அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே காலடிச் சத்தம் கேட்காத பூனை மாதிரி தானும்தானே நழுவுகிறேன் என்றார். மறுநாள் அவளை எழுப்பி, வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், அப்பா ரொட்டி சுடப் போறேன், சாப்பாட்டுக்கு அப்புறம் வந்துடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கேட்க வேண்டுமா, தெருவே எழுந்துவிட்டது. என் தோளைக் கடித்தாள். மாமா பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, மறுபடி சொல்லிவிட்டுப் போய், அன்றைக்கு வேலைக்கு இருபது நிமிஷம் தாமதம். ஆனால் மதியம் சொன்னபடி வந்து நின்றார். அவள் அவர் செருப்பையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சனிக்கிழமை கொஞ்சம் குறைவாக அழுதாள். இன்று திங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினாள். அவர் திரும்பும் வரைக்கும் அவருக்காகச் சுவர்ப் பக்கம் போகவில்லை. உனக்காகப் போனாள்.

இப்போது சனிக்கிழமை விஷயம். நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது, யாரிடமும் சொல்லாதே, நான் பின்கதவு வழியாக வந்து அந்த நீலத் திரைக்குப் பின்னால் நிற்கிறேன், நீ அவளை எண்ணச் சொல், அவள் திரையை விலக்குவதை முழுதாக வீடியோ எடு, வகுப்பில் கடைசிப் பாடமாகக் காட்டப்போகிறேன் என்று அதே டீச்சரிடம் கொடுத்தனுப்பிய சீட்டில் எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்திலேயே சந்தோஷம் துள்ளுகிறது. ஆளைத் திடுக்கிட வைப்பது என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த யோசனை வந்திருந்தால் நானே திரைக்கு இஸ்திரி போட்டு வைத்திருப்பேன்.

வேண்டாம், அக்கா. அங்கே நிற்காதே.

அவள் ஒழுங்காக எண்ணி, கண்ணை அழுத்தி மூடி, எட்டிப் பார்க்காமல் இருந்து, திரையை விலக்கி, நீ அங்கே இருந்துவிட்டால், நான் சொன்ன அத்தனையும் உண்மையாகிவிடும். ஏழைச் சேர்த்ததால் நீ வந்தாய், பார்க்காமல் இருந்ததால் நீ வந்தாய் என்று ஆகிவிடும். நாலு நாள் கழித்து நீ மறுபடி போன பிறகு அவள் எவ்வளவு அழுத்தி மூட வேண்டும் என்று நினைப்பாள்? பொய்யை நான் ஆரம்பித்தேன், நீ தெரியாமல் அதை முடித்து வைத்துவிடாதே.

அந்த வீடியோக்களை என்ன செய்வது என்று நீயே முடிவு பண்ணு. மேடத்திடம் உண்மையைச் சொல்வதானால் என்னைத் தாராளமாகச் சொல். என் தங்கை செய்தாள் என்று சொல், அவளுக்கு வயசு பதினாறு என்று மட்டும் சேர்க்காதே, அது சாக்காகிவிடும். அந்தக் குழந்தை நாற்பது நிமிஷம் விளையாடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியட்டும். அவர்களும் நாளைக்கு நூறு வீட்டுக்குப் போய்ப் பட்டியல் ஒட்டப்போகிறவர்கள்தானே.

நீ என் மேல் கோபப்படு. ஏழு மணி போனில் கோபப்படாதே, அவள் பக்கத்தில் இருப்பாள். நேரில் வந்து, அவள் தூங்கும்போது, எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. நான் பதிலுக்கு ஒரு வார்த்தை மடக்கிப் பேச மாட்டேன். இதை நீ நம்புவது கஷ்டம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். சனிக்கிழமை வெளிச்சத்தோடு வா. முன்வாசல் வழியாக வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமாவுக்கு ஒரு போன் போடு, நாங்கள் அவளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறோம். பையோடு, கசங்கின துணியோடு, தெருவில் நடந்து வருகிற அம்மாவை அவள் தூரத்திலிருந்தே பார்க்கட்டும். எங்கிருந்து வருகிறாய் என்று பார்க்கட்டும். அவள் உன்னிடம் ஓடி வராமல் போகலாம். உன்னை அடிக்கலாம். பத்து வாரமாக ஒளிந்துகொண்டு விளையாடியவள் நீ என்றுதான் அவளுக்குக் கணக்கு. அந்த அடி எனக்கு வர வேண்டியது, கொஞ்ச நேரம் என் பொருட்டு வாங்கிக்கொள்.

அப்புறம் உட்கார்ந்து, நீ போனதை நீயே அவளிடம் சொல். நான் சொன்னால் விளையாட்டு, நீ சொன்னால்தான் பேச்சு. அவள் தப்பாக எண்ணவில்லை என்று சொல். எட்டிப் பார்க்கலாம் என்று சொல். எத்தனை முறை வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்று சொல்.

நாலாம் நாள் கிளம்பும்போது அவளைச் சுவரைப் பார்த்துத் திருப்ப நான் விட மாட்டேன். நீ அழுதாலும் சரி, வேன்காரர் ஹாரன் அடித்தாலும் சரி. நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். என்னைக் கடிக்கட்டும், முடியைப் பிடித்து இழுக்கட்டும், நான் கீழே விட மாட்டேன். நீ அவள் பார்க்கப் பார்க்கப் போ, அக்கா. திரும்பித் திரும்பிக் கையை ஆட்டு.

பத்திரமாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் தங்கை
வாலு